வடக்குத் தெரு நடந்த கிலோமீட்டர்

வேலுத்தாய் சீனியவரைக்காயின் காம்பையும் நுனியையும் கிள்ளிக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் பிள்ளை பால் குடித்தபடியே தூங்கிப் போயிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கார், கதவைத் திறந்து போட்டபடி, இன்ஜின் மட்டும் மெதுவாக முனகிக்கொண்டிருக்க நின்றது. பத்து நிமிடம் ஆகியிருக்குமா என்று எட்டிப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான், நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகராத அந்தக் கார் ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தொரு கிலோமீட்டர் போயிருப்பது அவளுக்குத் தெரியவந்தது.

கையிலிருந்த காயைக் கிள்ளி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வீட்டுக்குள் போய் நாள்காட்டியின் ஓரத்தில் போன வெள்ளிக்கிழமை, புருஷன் புறப்பட்ட அன்றைக்கு, அவளே எழுதிவைத்த எண்ணைப் பார்த்தாள். ஐயாயிரத்து நூற்று நாற்பது. திரும்ப வந்து மீட்டரைப் பார்த்தாள். ஆறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் கூட்டல் கழித்தலில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள், சாவியை மறுபடி தாலிக்கயிற்றில் முடிந்தாள், மீதிக் காயைக் கிள்ள உட்கார்ந்தாள்.

உப்போடைப்பட்டி வடக்குத் தெருவுக்கு அதுதான் முதல் கார். வாங்கியது வேலுத்தாயின் புருஷன் மகராஜன் என்றாலும், வந்து நின்ற அன்றைக்குப் பத்தொன்பது வீட்டிலிருந்தும் தேங்காய் உடைந்தது, பத்தொன்பது வீட்டுக் குங்குமமும் அதன் நெற்றியில் ஏறியது, சீட்டு மேலிருந்த கண்ணாடித்தாளைக் கிழிக்கலாமா கூடாதா என்று தெருவே கூடிப் பேசிக் கிழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. மகராஜன் வடக்கே லாரி ஓட்டுகிறவன். நாக்பூர், இந்தூர் என்று போனால் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராதவன். இந்தக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாம், பெற்ற பிள்ளைக்குத் தன் முகம் தெரிய வளர்க்கலாம் என்றுதான் வாங்கினான்; ஐயாயிரம் கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டி முதல் சர்வீஸும் விட்டான். லாரி முதலாளியிடம் கொடுத்த வாக்குக்காகக் கடைசியாக ஒரு நடை போய்விட்டுப் பங்குனியில் வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டபோது அவளிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடு. பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லாட்டி ஒரு வருசம், ரெண்டுல எது முந்துதோ அப்ப அடுத்த சர்வீஸ். அதைத் தவற விட்டா வாரண்டி போயிரும், வாரண்டி போயி இன்ஜின்ல ஒண்ணுன்னா நான் லாரிய விட்டு எறங்கவே முடியாது. ஆனா நிக்கிற வண்டிதானே, வருசம்தான் முந்தும். நான் வந்து பாத்துக்கிடுதேன். நீ எதையும் யோசிக்காத.”

யோசிக்காதே என்றது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டும் என்றாலே உள்ளங்கை வேர்க்கிறவள் அவள். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள்.

அன்றைக்குச் சாயங்காலம் போனில் எண்ணைச் சொன்னதும் மகராஜன் கத்தினான்.

“ஆயிரத்து எரநூறா? ஒரு வாரத்துலயா? காசிக்கா போயிட்டு வந்தீக? செந்தட்டி எடுத்தானா வண்டிய?”

செந்தட்டி அவன் தம்பி. அடுத்த வீட்டில் இருக்கிறான், சொந்தமாக ஒரு குட்டி லோடு வண்டி ஓட்டுகிறான்.

“சாவி என் தாலிக்கயித்துலதாங்க கெடக்கு. யாரும் எடுக்கல.”

“அப்ப வண்டி தானா ஓடுச்சாக்கும்?”

விஷயம் செந்தட்டியின் காதுக்கும் போனது. அவன் வந்து வாசலில் நின்று தன் லோடு வண்டியின் சாவியைத் தரையில் வீசி, “மதினி, நான் திருடன்னு எங்கண்ணன் சொல்லிட்டான்ல, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்து சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். வேலுத்தாய் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். தன் வாயில் வந்த ஓர் எண் அண்ணனையும் தம்பியையும் பிரித்துவிட்டதே என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள், சாவியைப் பாதி திருப்பி மீட்டரில் வெளிச்சம் வரவைத்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு கிலோமீட்டரில் இருக்கிற நல்ல தண்ணிக் குழாய்க்குப் போனார்கள். கடைசி எண் அசைந்தது. கூழ் காய்ச்சும் பானையில் முதல் கொப்புளம் எழும்புவதுபோல் அசைந்து, ஒன்று ஏறி, இன்னொன்று ஏறி, அவர்கள் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்கிற நேரத்தில் பதினெட்டு ஏறி நின்றது. குடம் நிறைகிற வரைக்கும் நின்றது. திரும்பி நடக்கத் தொடங்கியிருப்பார்கள் என்கிற நேரத்தில் மறுபடி ஏறியது. தெருவில் பத்தொன்பது பெண்கள். பத்தொன்பதாவது பெண் காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது எதிர்வீட்டு ராக்கம்மா. ஐம்பத்திரண்டு வயது, வாய்க்கு இருபது வயது.

“ஏ வேலுத்தாயி, தண்ணிக்கு வராம மகராணி கணக்கா கார்ல உக்காந்திருக்க? ஊர்வலமா?”

வேலுத்தாய் மெதுவாக, ராக்கம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “அத்தே, நீங்க நடந்தா இது ஏறுது.”

ராக்கம்மா குடத்தை இறக்கினாள். தலையை உள்ளே விட்டு மீட்டரைப் பார்த்தாள். மற்றவர்களையெல்லாம் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் குழாயடி வரைக்கும் ஒரு குடத்தோடு போய்த் தண்ணீர் பிடித்துத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கக் கேட்டாள்.

“எத்தனை ஏறிச்சு?”

“ரெண்டு.”

“ரெண்டுதானா? வெறுங்குடத்தோட போனதுக்கு ஒண்ணு சரி. நெறகுடத்தோட வந்ததுக்கும் அதே ஒண்ணா? வண்டி செஞ்சவன் குடம் தூக்குனதில்ல போலுக்கு.”

அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மழை ஏன் மேற்கே இருந்து வருகிறது என்று கேட்காத மாதிரி கார் ஏன் இப்படிச் செய்கிறது என்றும் கேட்கவில்லை. யார் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். டீக்கடை பால்ச்சாமி, நம்புகிறவர்களை எல்லாம் பொய்யாக்குகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி வரைக்கும் நடந்து போய் நடந்தே திரும்பினார். கால் இரண்டும் கொப்புளம், மீட்டரில் ஒன்றும் இல்லை. மறுநாள் இளவட்டங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஓடிப் பார்த்தார்கள், அதுவும் ஏறவில்லை. “கம்பெனிக்காரனுக்கு நம்மளப் பிடிக்கல,” என்று பால்ச்சாமி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

பிறகு ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார்கள். ஒருத்தி மட்டும் எப்போதும்போல் நடக்க வேண்டும், மற்றவர்கள் புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் எண்ணைப் பார்த்துத் தங்களதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி, அது குழம்பிப்போய், கடைசியில் வேலுத்தாய்தான் நாள்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டு யார் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள் என்று எழுதிக் கண்டுபிடித்துச் சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள் எட்டு, ஒன்பது. நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க் கரைக்குப் போய்விட்டு விறகும் பொறுக்கி வருகிறவர்கள் பதினொன்று. ராக்கம்மா பன்னிரண்டு. எண் தெரிந்த பிறகு குழாயடியில் பேச்சு மாறிவிட்டது. புருஷன்மார் “நாள் முழுக்க வீட்ல என்ன செஞ்ச?” என்று கேட்டால், “பதினொண்ணு,” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. விளாத்திகுளத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் “எங்க புள்ள ஒம்பது கிலோமீட்டரு” என்று பெண்ணைப் பெற்றவள் சொல்ல, மாப்பிள்ளையின் தாய் பதறிப்போய், “எங்க வீட்ல குழாய் உள்ளேயே இருக்குங்க, ரெண்டுக்கு மேல வராது,” என்று சமாதானம் சொன்னாள்.

வேலுத்தாயின் எண் பதினாறு. தெருவிலேயே அதுதான் அதிகம். மாமனார் ஆட்டுக் கிடையோடு எங்கே இருக்கிறாரோ அங்கே கஞ்சி கொண்டுபோகிறவள் அவள்தான். கிடை இன்றைக்கு ஓடைக்கரையில் என்றால் நாளைக்குக் கரட்டடியில், பிள்ளை இடுப்பில், தூக்குச்சட்டி கையில். பதினாறு என்று ராக்கம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னபோது அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, “பதினாறு,” என்று தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

செந்தட்டியின் மேல் விழுந்த பழி இப்படித் தெருவில் கழுவப்பட்டது. மகராஜன் மட்டும் நம்பவில்லை. “மீட்டரு கெட்டுப்போச்சு,” என்றான். பிறகு தன் பெண்டாட்டி பொய் சொல்கிறவள் இல்லை என்று யோசித்திருப்பான் போல, மறுநாள் கூப்பிட்டு, “மீட்டரு கெட்டுப்போச்சுன்னு சொல்லிக் கொண்டுபோனா நாமதான் தில்லுமுல்லு பண்ணுனோம்னு வாரண்டியக் கிழிச்சிருவான். நான் வார வரைக்கும் பத்தாயிரம் தொடக் கூடாது. தெருப் பொம்பளைகள நடக்காம இருக்கச் சொல்லு,” என்றான்.

அதைச் சொன்ன நேரத்தில் மீட்டர் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் நின்றது. பங்குனிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

வேறு தெருவாக இருந்தால் சிரித்திருப்பார்கள். வடக்குத் தெரு அப்படி இல்லை. அது தங்கள் கார். அதன் வாரண்டி போகக் கூடாது, மகராஜன் மறுபடி லாரியில் போய்விடக் கூடாது, அந்தப் பிள்ளை அப்பன் முகம் தெரியாமல் வளரக் கூடாது என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் சைக்கிளிலும் பைக்கிலும் குடம் கட்டித் தண்ணீருக்குப் போனார்கள், வரும் வழியெல்லாம் சிந்திச் சிந்தி உப்போடைப்பட்டிப் பாதையில் புல் முளைத்தது. ரேசன் கடையில் முதல்முறையாக மீசைகள் வரிசையில் நின்றன. மாமனாருக்குக் கஞ்சி கொண்டுபோன பால்ச்சாமி கிடையைத் தேடி மூன்று கரடு ஏறி இறங்கி, கஞ்சியைத் தானே குடித்துவிட்டு வந்தார்.

முதல் நாள் முடிந்து வேலுத்தாய் மீட்டரைப் பார்த்தபோது இருபது ஏறியிருந்தது.

“யாருடி நடந்தது?” என்று ராக்கம்மா தெருவில் நின்று கேட்டாள். யாரும் நடக்கவில்லை. வாசலைத் தாண்டவில்லை என்று அவரவர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆண்கள் காவல் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுப்பிலிருந்து அம்மிக்கு, அம்மியிலிருந்து பானைக்கு, பானையிலிருந்து கொடிக்கு, கொடியிலிருந்து தொட்டிலுக்கு, தொட்டிலிலிருந்து அடுப்புக்கு என்று ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பத்தொன்பது, மூன்றாம் நாள் பத்தொன்பது. நாலாம் நாள் பாயைவிட்டே எழக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், அன்றைக்கும் பதினெட்டு ஏறியது. “நான் படுத்துத்தாம்ப்பா கெடந்தேன். ஆனா கூப்பிட்டா எந்திரிக்கணும்ல,” என்றாள் ஒருத்தி.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

ஐந்தாம் நாள் காலையில் ஆண்கள் காரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம் என்றார் ஒருவர். சக்கரத்துக்குக் கல் வைக்கலாம் என்றார் பால்ச்சாமி. செந்தட்டி மட்டும் தள்ளி நின்றான். வேலுத்தாய் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் அவர்கள் மேல் இல்லை, சக்கரத்தின் மேல் இருந்தது. புது டயரில் பூனைமுடி மாதிரி சின்னச் சின்ன ரப்பர் நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அவள் கிட்டே போய்க் குனிந்தாள். டயரின் ஓரத்தில் கோடு கோடாக வெடிப்பு, கரிசல் மண் அடைத்த வெடிப்பு. சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் குதிகாலைப் பார்த்தாள். மறுபடி டயரைப் பார்த்தாள்.

“கொழுந்தனாரே,” என்று கூப்பிட்டாள். செந்தட்டி திரும்பினான். அண்ணன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்றவன் தெருவில் நின்றபடியே பேனட்டைத் திறந்து கொடுத்தான். ஆயில் பார்க்கிற கம்பியை எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டினான். அவள் இழுத்தாள், துணியில் துடைத்தாள், திரும்ப விட்டு எடுத்தாள், நுனியில் நின்ற சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தாள். வடை சுட்டுச் சுட்டுக் கடைசி ஈட்டுக்கு நிற்கிற எண்ணெய் அப்படித்தான் இருக்கும்: கறுப்பு, கனம், விரலில் வழுக்காமல் ஒட்டும்.

போன் அடித்தது. மகராஜன்தான். பால்ச்சாமி வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்.

“எத்தனைல நிக்கி?”

“எம்பத்தெட்டுல நிக்கிப்பா. பேட்டரியக் கழத்தலாமான்னு பாக்கோம்.”

“கழத்துங்க, கழத்துங்க.”

“கழத்த வேண்டாம்,” என்றாள் வேலுத்தாய்.

அவள் குரல் தன் வாசலைத் தாண்டி வந்து அந்தத் தெரு கேட்டதில்லை. ஆண்கள் விலகினார்கள். பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்கள்.

“வண்டிய சர்வீஸுக்கு விடணும். இன்னைக்கே விடணும்.”

“நிக்கிற வண்டிக்கு எதுக்குடி சர்வீஸ்? ஒனக்கு என்ன தெரியும்?”

“ஆயிலு கறுத்துப்போச்சுங்க. டயரு தேஞ்சு வெடிச்சுக் கெடக்கு. இது நின்ன வண்டி இல்ல. போன தூரம் அம்புட்டும் போன தூரந்தான். எங்க கால் போச்சு, இது தேஞ்சிருக்கு. தேஞ்சதைத் தேயலன்னு சொல்லி மூடி வச்சா, நீங்க வார அன்னைக்கு இன்ஜினு நிக்கும்.”

“நான் பதினெட்டு வருசமா வண்டி ஓட்டுதேன்.”

“ஒங்களுக்கு டயரைத் தெரியும்ங்க. எனக்குக் காலைத் தெரியும்.”

போனில் லாரிச் சத்தத்தோடு யாரோ இந்தியில் எதற்கோ கத்தினார்கள். பிறகு மகராஜன், “தம்பி நிக்கானா அங்க?” என்றான்.

“நிக்கேன்,” என்றான் செந்தட்டி.

“மதினியக் கூட்டிட்டுப் போ. பாத்து ஓட்டு.” அதற்குமேல் அண்ணன் தம்பிக்குள் வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை.

கோவில்பட்டியில் சர்வீஸ் சென்டர் பதினொரு கிலோமீட்டர். எண்பத்தெட்டும் பதினொன்றும் தொண்ணூற்றொன்பது. கார் போகிற நேரத்தில் தெருவில் ஒருத்தி குழாயடிக்குப் போனாலும் பத்தாயிரம் தொட்டுவிடும். வேலுத்தாய் கணக்கைச் சொன்னதும் ராக்கம்மா தெருவைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டீகளா? வண்டி போய்ச் சேருற வரைக்கும் எவளும் ஒரு எட்டு எடுத்து வைக்கப்படாது. பால் பொங்குனா பொங்கட்டும்.” இவ்வளவும் சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “நான் வீட்ல இருந்தா நடந்துருவேன்,” என்றாள்.

அப்படித்தான் அந்தக் காலை வேளையில் வடக்குத் தெருவின் பதினேழு பெண்கள் அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். துவைத்த சேலையைப் பிழிந்த கை பிழிந்தபடி, கோலப்பொடி எடுத்த விரல் எடுத்தபடி, தலை சீவிக்கொண்டிருந்தவள் பாதிச் சடையைப் பிடித்தபடி நின்றார்கள். ஒரு வீட்டில் கோழி அடுப்படிக்குள் போய் அரிசிப் பானையில் ஏறியது, யாரும் விரட்டவில்லை. ஒரு வீட்டில் உண்மையாகவே பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அம்மா வா, அம்மா வா என்று பிள்ளைகள் சேலையைப் பிடித்து இழுத்தன, இருபத்தைந்து நிமிடமும் ஆண்கள்தான் ஓடி ஓடிக் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் போனார்கள். அவர்கள் எத்தனை ஓடியும் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது என்பது நல்லதாகப் போயிற்று. காருக்குள் வேலுத்தாய் பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செந்தட்டியின் தோளுக்கு மேலாக எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. பைபாஸ் பாலத்தில் தொண்ணூற்றேழு. கார் ஏறிய ஒவ்வொன்றும் கார் ஏறியது மட்டுமே. ஊரில் ஒருத்தியும் அசையவில்லை என்பது அந்த எண்ணில் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, பேசாமலே, பதினேழு பேர் தனக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்து எண் கலங்கியது, துடைத்துக்கொண்டு பார்த்தாள். வாசலில் காவலாளி கம்பைத் தூக்கினான், கார் உள்ளே போய் நின்றது.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

“நில்லு, எறங்காத. மொதல்ல அவன் வந்து எழுதட்டும்,” என்றாள் ராக்கம்மா.

வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஓர் இளைஞன் வந்து எண்ணை எழுதிக்கொண்டான். “கரெக்டா கொண்டுவந்துட்டீங்க,” என்றான். காரைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தான், குனிந்தான், அவன் முகம் மாறியது.

“பத்தாயிரத்துக்கு இவ்வளவு தேயாதே. எங்கெல்லாம் போச்சு வண்டி?”

செந்தட்டி, இறங்கி நின்ற வேலுத்தாயைப் பார்த்தான். அவள் உள்ளங்கை வேர்த்தது. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஊருக்குள்ளதாங்க,” என்றாள். பிறகு, அவன் பேனாவோடு காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, சொன்னாள்: “காலையில ரெண்டு தரம் தண்ணிக் குழாய்க்கு, அது கல்லுப் பாதை. அங்கயிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு, மழை பேஞ்சா கரிசல் முழங்கால் வரைக்கும் வாங்கும். கண்மாய்க் கரைக்கு, மண் சொமந்து. விறகுக்கு, வேலிக்கருவை முள்ளுக்குள்ள. ரேசன் கடைக்குப் போயி ஆள் இல்லன்னா திரும்பி, மறுநாளும் போயி. புள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு. எங்க மாமனாரு கெடை எங்க இருக்கோ அங்க. சாயங்காலம் திரும்பத் தண்ணிக்கு. வீட்டுக்குள்ள ஒரு கிலோமீட்டரு. அது நாள் தவறாம.”

அவன் ஒன்றுவிடாமல் எழுதினான். யார் நடந்தது, யார் ஓட்டியது என்று அவன் கேட்கவில்லை. எழுதி முடித்து, கையிலிருந்த அட்டையைப் புரட்டி ஒரு இடத்தில் விரல் வைத்தான்.

“மேடு பள்ளம், புழுதி, பாரம், வெயில், நின்னு நின்னு போறது. அஞ்சும் இருக்கு. இதுக்குக் கடுமையான உபயோகம்னு பேரு மேடம். இப்படி ஓடுறதுக்குப் பத்தாயிரம் கணக்கே கெடையாது. ஐயாயிரத்துக்கு ஒருதரம் பாத்தே ஆகணும். வருசம், மாசம் எல்லாம் இதுக்குப் பாக்கப்படாது.”

“ஐயாயிரத்துக்கு ஒருதரமா?” ராக்கம்மா ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். “ஏப்பா தம்பி, நான் அம்பத்திரெண்டு வருசமா ஓடுதேன். ஒருதரம்கூட எவனும் என்னத் தூக்கி வச்சுப் பாக்கலயே!”

இளைஞன் சிரித்துவிட்டு, “கொண்டுவந்தவங்க பேரு?” என்றான்.

செந்தட்டி, “மகரா—” என்று ஆரம்பித்தான்.

“வேலுத்தாய்,” என்றாள் வேலுத்தாய்.

கண்ணாடி அறைக்குள் குளிர்ந்த காற்றில் உட்காரச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, இரண்டு பேர் கீழே நின்று அதன் அடியெல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தார்கள், கறுத்த எண்ணெயை வடித்தார்கள், தேன் நிறத்தில் புதியதை ஊற்றினார்கள், சக்கரங்களைக் கழற்றித் துடைத்தார்கள். தெருவின் நடையை அத்தனை பதமாக ஒருவர் கையாண்டு அவள் பார்த்ததில்லை. ராக்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

போன் அடித்தது. இந்த முறை மகராஜன் கத்தவில்லை.

“வாங்கிக்கிட்டானா? ஒண்ணும் சொல்லலயே?”

“வாங்கிக்கிட்டாக. தொண்ணூத்தொம்பதுல கொண்டு நிறுத்திட்டோம். வாரண்டி அப்படியே இருக்கு.”

“சரி. இனி இதை நீயே பாத்துக்கோ வேலுத்தாயி. அடுத்த சர்வீஸ் எப்ப விடலாம், நீயே சொல்லு.”

எதிரே நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஐயாயிரத்துலயே விடணும்ங்க. பதினஞ்சாயிரம் தொடுறதுக்குள்ள, அது எந்த மாசமா இருந்தாலும் சரி. ஏன்னா நாங்க போறது சும்மா போறது இல்லையாம், அதுக்குன்னு பொஸ்தகத்துலயே ஒரு பேரு போட்டு வச்சிருக்காக, அந்தத் தம்பி விரல் வச்சுக் காட்டுனாரு, நம்ம தெருவுல பத்தொம்பது பேருக்கும் அதைப் போயிச் சொல்லணும், அது என்னன்னா—”

“வேலுத்தாய் மேடம்! யாரும்மா வேலுத்தாய்? வண்டி ரெடி, வாங்க!”

“இந்தா, என்னயத்தான் கூப்புடுறாக, நான் போயி வண்டிய வாங்கிட்டு வந்து சொல்லுதேன்.”